சருகால் நீரைத் தெளிவித்தல்: செயற்கைச் சதுப்புப் படுகைகள்

வயலுக்கு நீர் வந்து சேரும் வழியை ஒவ்வொரு விவசாயியும் நன்கு அறிவார். மடை எது, முறை எப்பொழுது, எவ்வளவு நேரம் பாயும் என்பவை அவருக்கு மனப்பாடம். ஆனால் பாய்ந்து பயன்பட்டபின் வயலைவிட்டு வெளியேறும் நீர் எங்கே செல்கின்றது, எதை உடன் கொண்டு செல்கின்றது என்பதைக் கவனிப்பவர் மிகச் சிலரே. வடிகாலில் இறங்கிய நீரைத் தமக்குச் சம்பந்தமற்றதாகக் கருதுவது வழக்கமாகிவிட்டது. அந்நீரே கீழேயுள்ள ஊருக்குக் குடிநீராகின்றது என்பதை எண்ணுங்கால், இவ்வழக்கம் எத்துணைத் தவறானது என்பது விளங்கும்.

தேனி ஜில்லா, உத்தமபாளையம் தாலுகாவில், சின்னமனூரை அடுத்துள்ள மார்க்கையன்கோட்டையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. அதன் பயனாகக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போக நன்செய் பாசனம் பெறுகின்றது. நெல் வயல்களோடு வாழை, தென்னை, திராட்சை, காய்கறித் தோட்டங்களும் இப்பள்ளத்தாக்கில் செழித்திருக்கின்றன. இவ்வயல்களிலும் தோட்டங்களிலும் வடிந்த நீர், ஊர்ச் சாக்கடை நீரோடு சேர்ந்து முல்லைப் பெரியாற்றில் இறங்குகின்றது. ஆறு வீரபாண்டி, தேனி வழியே சென்று வைகையோடு கலந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகின்றது. மதுரை நகரம் அந்த அணையின் நீரைக் குடிக்கின்றது. ஆகவே, மார்க்கையன்கோட்டை வடிகாலில் விடப்படுவது முழுவதும் வீணாய்ப் போவதுமில்லை, மறைந்து போவதுமில்லை.

வடிகால் நீரிலுள்ள குற்றம்

பயிருக்கு இடப்படும் யூரியாவிலும் பிற தழைச்சத்து உரங்களிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு பயிரால் உட்கொள்ளப்படுவதில்லை. ஒரு பகுதி காற்றோடு போகின்றது. மற்றொரு பகுதி மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து கீழே இறங்குகின்றது. நைட்ரேட்டு மண்ணில் ஒட்டும் இயல்புடையதன்று. நீர் செல்லுமிடமெல்லாம் தானும் செல்லும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கண்ணுக்குத் தெளிவாயிருக்கும் கிணற்று நீரும் நைட்ரேட்டு மிகுந்ததாயிருக்கக் கூடும்.

இதனால் விளையும் கேடு யாதெனில், நைட்ரேட்டு மிகுந்த நீரில் பால்மாவு கலந்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கின்றது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கவனியாவிடில் உயிருக்கே அபாயம். அமெரிக்காவில் அயோவா நாட்டுப்புறத்துக் கிணறுகளே இந்நோய்க்குக் காரணமென்பதை 1945-இல் காம்லி என்னும் வைத்தியர் எடுத்துக் காட்டினார். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாதென்று இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட்டோ போகாது. நீர் சுண்டுவதால் அதன் அளவு மிகவே செய்யும்.

இயற்கை காட்டும் வழி

நெல் சாகுபடியில் நைட்ரேட்டு உரங்களை இடலாகாதென்றும், அமோனியா வகை உரங்களையோ யூரியாவையோ இடவேண்டுமென்றும் விவசாய இலாகாவினர் நெடுங்காலமாகக் கூறி வந்திருக்கின்றனர். இதன் காரணத்தை ஆராய்ந்தால் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் விளங்கிவிடும். நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு இராது. ஆயினும் அங்கே வாழும் சில நுண்ணுயிர்கள் சுவாசித்தே தீரவேண்டும். அவை நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியிட்டுக் காற்றில் கலக்கின்றது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே ஆதலால் இதனால் தீங்கொன்றுமில்லை. இம்மாற்றத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகளான கேயானும் டியூபெட்டியும் 1880-களில் ஆராய்ந்து விளக்கினர்.

நெல் வயலில் இஃது நஷ்டம். விலை கொடுத்து வாங்கிய உரம் காற்றில் போகின்றது. அதே செயல் வடிகாலில் நடைபெறின் அது லாபம். நீரிலுள்ள குற்றம் காற்றில் போகின்றது. சதுப்பு நிலங்களின் வழியே ஓடிய நீர் தெளிந்து வருவதன் இரகசியங்களுள் இது தலையாயது. ஆகவே, சதுப்பு இல்லாத இடத்தில் சிறு சதுப்பொன்றை மனிதனே அமைத்து, வடிகால் நீரை அதன் வழியே மெதுவாகச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் தோன்றிற்று. ஜெர்மனியில் கேத்தி சைடல் என்னும் அம்மையார் 1950-களில் நீர்த் தாவரங்களைக் கொண்டு இச்சோதனைகளைத் தொடங்கினார். இந்தியாவில் உஜ்ஜயினியில் நாணற் படுகைகள் அமைக்கப்பட்டன. புது தில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம், நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் சாக்கடை நீரைச் சம்பு வளர்ந்த படுகைகளில் தெளிவித்துப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. தமிழ்நாட்டில் ஆரோவில்லிலும் செடிகள் நட்ட கூழாங்கற் படுகைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

சருகின் தொழில்

மேற்கூறிய நுண்ணுயிர்களுக்கு நைட்ரேட்டு மூச்சானால், கரிச்சத்து உணவாகும். உணவின்றி மூச்சு மட்டும் இருந்து பயனில்லை. வயல் வடிகால் நீரில் நைட்ரேட்டு மிகுந்திருப்பினும் கரிச்சத்து மிகக் குறைவு. புதிதாக வெட்டிய சதுப்புப் படுகையிலும் அது இராது. எனவே படுகை வெறும் நீர்த்தொட்டி போலச் சும்மா கிடக்கும். உணவு அரைகுறையாயிருந்தாலோ மாற்றம் நடுவழியில் நின்று, நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயு வெளிப்படும். இது பூமியின் வெப்பத்தை மிகுவிக்கும் தன்மையது. இக்குறையைத் தீர்க்கவே காய்ந்த தாவரச் சருகு படுகையில் இடப்படுகின்றது. சருகு நீரில் ஊறி மெல்ல மெல்ல மட்கி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய கரிச்சத்தைக் கொடுக்கின்றது. அதன் பரப்பெங்கும் அவை பாசிபோற் படிந்து குடியேறுகின்றன. நீரிலுள்ள சொற்பப் பிராணவாயுவையும் சருகின் மட்குதல் உறிஞ்சிவிடுவதால், வேண்டிய சேற்று நிலைமையும் தானே உண்டாகின்றது.

இரசாயனக் கணக்கின்படி ஒரு பங்கு நைட்ரஜனை நீக்க ஏறக்குறைய ஒரு பங்கு கரிச்சத்தே போதும். ஆனால் சருகிலுள்ளது முழுவதும் இப்பணிக்கு உதவுவதில்லை. ஒரு பகுதி பிராணவாயுவை நீக்குவதிற் செலவாகும். ஒரு பகுதி நீரோடு போகும். ஒரு பகுதி மட்காமலே கிடக்கும். அமெரிக்காவில் நறுக்கிய சம்புச் சருகைக் கொண்டு செய்யப்பட்டு 1998-இல் வெளியான சோதனைகளில், நைட்ரஜனைப்போல் ஐந்து மடங்கு கரிச்சத்து சேர்ந்தபொழுதே நைட்ரேட்டில் பெரும்பகுதி நீங்கிற்றென்று கண்டனர். நடைமுறையில் இந்த ஐந்து மடங்கு என்னும் கணக்கைக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

எச்சருகு ஏற்றது?

இவ்விடத்தில் விவசாயிகள் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வயலுக்கு மிக நல்லதான தழை, படுகைக்கு மிகக் கெட்டதாகும். கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு, கிளைரிசிடியா முதலியவற்றில் தழைச்சத்து மிகுதி. அவை மட்குங்கால் நைட்ரஜனை நீரில் விடுவிக்கும். நீக்க வந்தது சேர்த்துவிட்டுப் போகும். ஆகாயத்தாமரையும் இத்தகையதே, அன்றியும் அதன் துண்டொன்று தப்பினால் வாய்க்கால் முழுதும் பரவிவிடும். வயலுக்கு ஆகாதென்று தள்ளப்படும் சருகே இங்கு உகந்தது. மட்காத வைக்கோலை உழுது மடக்கிய வயலில் நாற்று மஞ்சளிப்பதைக் காணலாம். அவ்வைக்கோலில் நைட்ரஜன் குறைவாயிருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ளதைத் தமக்கு இழுத்துக்கொள்வதே அதன் காரணம். படுகையில் வேண்டப்படுவதும் இவ்விழுப்பே.

நெல் வைக்கோல் விரைவில் மட்கும், முதலிரு வாரங்களிலேயே மிகுந்த கரிச்சத்தைத் தரும், பின்னர் தளர்ந்துவிடும். மாட்டுக்குரிய நல்ல வைக்கோலை இதற்குச் செலவிட வேண்டுவதில்லை. மழையில் நனைந்து கெட்டதும், போரின் அடியில் கிடப்பதும் போதும். வாழைச் சருகும் பட்டையும் விரைந்து மட்குபவை. சம்பும் நாணலும் நடுத்தரமானவை. ஆண்டுதோறும் வாய்க்கால்களைத் தூர் வாருங்கால் அறுத்தெறியப்படும் சம்பு கரையிற் கிடந்து அழுகி மீண்டும் வாய்க்காலிலேயே விழுகின்றது. அதை உலர்த்தி வைத்துக்கொண்டால் செலவில்லாத சரக்காகும். தேங்காய் மட்டையும் மரச்சீவலும் மிக மெல்ல மட்குபவை; மரச்சீவல் நிரப்பிய குழிகள் பத்தாண்டுக்கு மேலும் உழைப்பதை அயல்நாடுகளிற் கண்டிருக்கின்றனர். ஆகவே, விரைந்து உதவும் வைக்கோலையும் நீடித்து உதவும் மட்டையையும் கலந்து இடுவது சாலச் சிறந்தது.

படுகை அமைக்கும் விதம்

நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் வடியும் தோட்டக்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நீரில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட்டு இருப்பதாகவும், அதைப் பாதியாக்கிக் குடிநீர் எல்லைக்குக் கொணர வேண்டுமெனவும் வைத்துக்கொண்டால், நீக்க வேண்டிய நைட்ரஜன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம். 120 நாட்களில் 12 கிலோ. இதற்கு ஐந்து மடங்காக 60 கிலோ கரிச்சத்து வேண்டும். காய்ந்த வைக்கோலில் நூற்றுக்கு நாற்பது பங்கு கரிச்சத்து உள்ளது. ஆதலின் 150 கிலோ சருகு தேவை. சேதாரத்தை உத்தேசித்து 200 கிலோ சேகரித்தல் நலம்.

நீர் படுகையில் நான்கு நாட்களாவது தங்கிச் செல்லல் வேண்டும். 12 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்டு, நீர் ஒன்றேகால் அடிக்குச் சற்று மேலாக நிற்கும் படுகை இதற்குப் போதுமானது. இதன் பரப்பு சுமார் இரண்டரை சென்ட். அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டியது ஏனெனில், சதுரமான குட்டையில் நீர் குறுக்கு வழியாக நேரே ஓடிவிடும். நீண்ட படுகையில் அங்ஙனம் ஏமாற்ற முடியாது. அடித்தரையைக் களிமண்ணிட்டு நாற்றங்கால்போல் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையேல் நீர் தெளியாமலே நிலத்தடிக்கு இறங்கிவிடும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் படுகை வெட்டலாகாது. நீர் புகும் வாயில் வண்டல் படிவதற்கு ஒரு சிறு குழியும், வெளியேறும் வாயில் நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் தக்க பலகை மதகும் இருத்தல் அவசியம். படுகை முழுவதும் முழத்துக்கொன்றாகச் சம்புக் கிழங்கோ கோரையோ நட வேண்டும். அவற்றின் தண்டும் வேரும் நீரைத் தடுத்துப் பரப்பும். ஆண்டு முடிவில் அவையே அடுத்த ஆண்டுக்குச் சருகாகும்.

சருகைச் சாண் அளவாக நறுக்கி, பழைய வலைப்பைகளில் அடைத்துக் கல் கட்டி நீரில் அமிழ்த்துவது நல்லது. நீருக்கு மேல் மிதக்கும் சருகு காற்றில் மட்கி வீணாகும். மொத்தச் சருகையும் ஒரே நாளில் இடலாகாது. முதலிற் பாதியும், நாற்பது நாள் கழித்துக் கால் பங்கும், மேலும் நாற்பது நாள் கழித்து எஞ்சிய கால் பங்கும் இட வேண்டும்.

எச்சரிக்கைகள்

சருகு எப்பொழுதும் நன்மையே செய்யுமென்று கருதுவது பிழை. புதுச் சருகு ஊறியவுடன் தேநீர் நிறத்தில் சாயமிறங்கும். அச்சாற்றில் மணிச்சத்தும் பிற கரையும் பொருள்களும் உண்டு. அதை அப்படியே ஆற்றில் விட்டால் நீரின் பிராணவாயு குன்றி மீன்கள் மிதக்கும். ஆதலின் சருகை ஒரு வாரம் தனிக்குழியில் ஊறவைத்து, அச்சாற்றைத் தென்னைக்கோ வயலுக்கோ பாய்ச்சிவிட்டுப் பின்னரே படுகையில் இட வேண்டும். தேங்காய் மட்டைக்கு இவ்விதி இன்னும் இன்றியமையாதது. படுகை நீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், சருகு மிகுந்துவிட்டதென்று அறிந்து சில பைகளை எடுத்துவிடல் வேண்டும். அளவு மீறிய சருகால் சேற்று வாயுவும் உண்டாகும்.

ஊர்ச் சாக்கடை நீரைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பம் உண்டு. அதில் நைட்ரஜன் பெரும்பாலும் நைட்ரேட்டாக இல்லை, அமோனியாவாக இருக்கின்றது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். அந்நீரை நேரே சருகுப் படுகையில் விட்டால், உள்ள காற்றையும் சருகு உறிஞ்சிக்கொள்ள, அமோனியா அப்படியே வெளியேறும், நாற்றமும் மிகும். ஆகவே சாக்கடை நீரை முதலில் மண்டி படியும் தொட்டியிலும், பின்னர் விட்டுவிட்டு நீர் பாய்ந்து காற்றாடும் கூழாங்கற் படுகையிலும், அதன் பின்னரே சருகுப் படுகையிலும் செலுத்த வேண்டும். முறை தவறினால் பயன் தவறும்.

மணிச்சத்தைச் சருகு நீக்காது. அது வண்டலில் ஓரளவு படியும். மற்றதைச் செடிகளை அறுத்து வெளியேற்றுவதால் மட்டுமே குறைக்கலாம். திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கப்படும் போர்டோக் கலவையிலும் பிற தாமிர மருந்துகளிலுமுள்ள தாமிரம், மட்கிய சருகில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நீர் சுத்தமாகும், சருகோ கெடும். அத்தகைய படுகையிலிருந்து எடுத்த மட்கைப் பரிசோதியாமல் நிலத்துக்கு இடலாகாது. மற்றப் படுகைகளின் மட்கைச் சாணத்தோடு கலந்து குவித்து, சூடேறி ஆறியபின் தென்னந்தோப்புகளுக்கு இடலாம்.

தேங்கிய நீரில் கொசு பெருகும். படுகையின் ஓரங்களைப் புல்லின்றி வைத்தலும், வாரத்துக்கொருமுறை நீர்மட்டத்தை ஏற்றி இறக்குதலும், புழு தென்படுகின்றதாவென்று பார்த்தலும் கடமையாகும். கடையில் காற்றோட்டமுள்ள சிறு தெளிகுட்டை ஒன்று வைத்து உள்ளூர் மீன்களை விட்டால், வெளியேறும் நீருக்கு மீண்டும் காற்று சேரும். அக்குட்டையிலுள்ள கொசுப்புழுவையும் மீன் தின்றுவிடும். மீன் உயிரோடிருப்பதே நீரின் நலத்துக்கு எவரும் காணத்தக்க சாட்சியாகும்.

கிராமாதிகாரிகளின் பொறுப்பு

படுகையைப் பொது வாய்க்காலுக்குக் குறுக்கே ஒருபோதும் அமைத்தலாகாது. வடகிழக்குப் பருவ மழையில் வெள்ளம் தடைப்பட்டு வயல்கள் மூழ்கிவிடும். வாய்க்காலுக்குப் பக்கத்தில் அமைத்து, சிறு நீரை மட்டும் உள்ளே திருப்பி, வெள்ளத்தை நேரே விடும் மதகு வைக்க வேண்டும். புறம்போக்கில் அமைப்பதாயின் பாசன அதிகாரிகளின் அனுமதி பெறுதல் முறை. பேரூராட்சியார் ஊர்ச் சாக்கடைகள் ஆற்றில் இறங்கும் இடங்களைக் கணக்கெடுத்து, எங்கெங்கே சரிவும் இடமும் உள்ளனவென்று குறித்து வைப்பது முதல் வேலையாகும்.

படுகை வேலை செய்கின்றதா என்பதை ஊகத்தால் தீர்மானிக்க இயலாது. உட்புகும் நீரிலும் வெளியேறும் நீரிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி நைட்ரேட்டின் அளவை அறிதல் வேண்டும். உரமிட்ட வாரத்திலும், நல்ல மழைக்குப் பின்னரும், குளிர்ந்த மார்கழியிலும் தனித்தனியே பார்ப்பது உசிதம். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் இந்நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முடிவாக ஒன்று. மேற்காட்டிய கணக்கில் 120 நாட்களில் வடிகாலிற் போன 12 கிலோ நைட்ரஜன், 26 கிலோ யூரியாவுக்குச் சமமானது. அவ்வளவும் விவசாயியின் பணம். ஆகவே முதற் சிகிச்சை வயலிலேயே தொடங்க வேண்டும்: உரத்தைப் பலமுறையாகப் பகிர்ந்து இடுதல், மழை வருங்கால் இடாதிருத்தல், வேண்டிய அளவுக்கே நீர் பாய்ச்சுதல். அதன் பின்னும் தப்பிச் செல்வதைத் தடுப்பதற்கே சருகுப் படுகை. இரண்டரை சென்ட் நிலமும், போரடியில் கெட்டுக் கிடக்கும் வைக்கோலும், சில நாள் உழைப்பும் இதற்கு வேண்டியவை. அறுவடைக்குப்பின் சருகுக்குத் தீ வைப்பவர், ஆற்றுக்குக் காவலாக நிற்கக்கூடிய ஒன்றையே புகையாக்குகின்றார். மேற்கு மலையின் நீரைப் பெறும் பாக்கியம் பெற்ற பள்ளத்தாக்கினர், அதைப் பெற்றபடியே சுத்தமாகக் கீழே உள்ளவர்க்குக் கொடுத்தல் கடமையாகும்.